தங்கராஜ் வேஷம்

"முழங்கால் போடு. கத்தியைக் கீழே வை. இப்ப அழு."

முகத்தில் சாம்பல் பூசியிருந்த பாலசுப்பிரமணி முழங்காலிட்டான். கரும்புக் கத்தியைத் தரையில் வைத்தான். இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான்.

"பத்தல," என்றார் கோவிந்தசாமி. "கடைசியில குந்திக்கினு இருக்கறவனுக்கு உன் வயிறு எரியறது தெரியணும்."

"என் கேங்குக்குத் துரோகம் பண்ணிட்டேனே. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டேனே."

சங்கத்துப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று தங்கராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறவன் அவன் மனைவியின் தம்பி. கட்டியிருப்பது தங்கராஜின் வேஷம். நாடகத்தில் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் போன வருஷ ஸ்டிரைக்கில் கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியவன், பா என்கிற ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒருவன்தான்.

உள்ளே போனான். வழியில் கிடந்த பெஞ்சைக் காலால் தள்ளினான். அது சாய்ந்து விழுந்தது.

"இது யாரு?"

"வேஷம்," என்றார் கோவிந்தசாமி. அவர் அந்தப் பகுதியில் கரும்பு வெட்டும் கேங்கின் தலைவர், சர்தார். அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஒவ்வொருவர் கரும்பையும் முறைவைத்து வெட்டுவார்கள். யார் முறை முதலில், யார் முறை கடைசியில் என்பது அவர் வாயில் இருந்தது. கூத்து வாத்தியாரும் அவர்தான்.

"நான் எப்ப அழுதேன்?"

"உன்னை யாரு சொன்னா?"

"மூஞ்சி பூரா சாம்பல். எரிஞ்ச கரும்பு. பக்கத்துல பொண்டாட்டி வேஷம். வேற எவன்?"

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குது."

"நெஞ்சுல அடிச்சிக்கறதுக்கு நான் எழவு வீட்டுக்குக் கூலிக்கு வந்தவளா?"

முழங்காலில் இருந்த பாலசுப்பிரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவிந்தசாமி பார்த்த பார்வையில் அதை அடக்கிக்கொண்டான்.

"கேளு," என்றார் கோவிந்தசாமி. "சனிக்கிழமை மத்தியானம் நாடகம். உலகச் சண்டைக்காலம், லைட்டுக்கு மண்ணெண்ணெய் இல்ல, அதனால பகல்ல. நீ முன்னால வந்து குந்து. முடிஞ்சதும் எழுந்து, ஆமா, இப்படித்தான் அழுதேன்னு ஜனங்களுக்குச் சொல்லு. மறுநாளே உன்னைக் கேங்ல சேர்த்துக்கறேன். இல்லேன்னா உன் கரும்பு நிக்கட்டும். மாடு திங்கட்டும்."

"வெட்டினேன். அதை இல்லேன்னு சொல்லல. அழுதேன்னு எதுக்குச் சொல்லணும்?"

"வெட்டினது எல்லாருக்கும் தெரியும். உள்ள இன்னா இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான மன்னிக்க முடியும்."

"என் உள்ள இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"கூத்து கட்டறவனுக்குத் தெரியும்."

"தெரியும். என் முதுகு தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தங்கராஜ் வெளியே போனான்.

ஸ்டிரைக் இல்லாத காலத்தில், கேங்கில் இல்லாதவன் கரும்பை ஆலைக் கம்பெனி தூக்காது. கரும்பு தூக்காவிட்டால் குத்தகை போகும். பத்து ஏக்கரும் போகும். இது கோவிந்தசாமிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

*

தங்கராஜ் அதே தீவில் பினாங்கு என்ற சர்க்கரை ஆலையின் கூலி லைனில் பிறந்தவன். அப்பா யார் என்று கேட்டால் அம்மா அடிப்பாள். கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்த கிரிமிட் ஒப்பந்தமெல்லாம் ரத்தான வருஷம் அவள் யாருடைய மாட்டு வண்டியிலோ அவனையும் இரண்டு கோழிகளையும் ஏற்றிக்கொண்டு பா பக்கம் வந்தாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவன் அடுத்தவர் மாட்டை மேய்த்தான், சோற்றுக்கு. சோறு போட்டவர்கள் அவன் எவ்வளவு தின்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்யும்போதும் பார்த்தார்கள். யாராவது பார்த்தால் அவன் தோள் தானாகக் குறுகிவிடும். வளர்ந்த பிறகும் அது போகவில்லை.

செங்கேணியின் அப்பா அவனுக்குப் பெண் கொடுத்தபோது ஊரில் சொன்ன காரணம்: "குடிக்க மாட்டான், பேச மாட்டான்." இரண்டும் உண்மை. மாடுகளிடம், மேய்த்த வீடுகளில் பழகிய இந்தியில் பேசுவான். அவளிடம் தமிழில், வேலை ஏதாவது இருந்தால். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றியும் அவர்கள் பேசியதில்லை.

கேங் அவனுக்குப் பிடிக்காது. நன்றாக வெட்டுவான், இரண்டு ஆள் வெட்டு. ஆனால் வரிசையில் நின்று பத்துப் பேர் கேலிக்கு நடுவில் வெட்ட வேண்டியிருந்தது. தங்கராஜ் வாயைத் திறந்தால் மழை வரும் என்பார்கள். ஒருவன் தினமும் வானத்தைப் பார்த்து, "இன்னிக்கும் திறக்கல," என்பான். மற்றவர்கள் தினமும் சிரிப்பார்கள்.

ஸ்டிரைக் வந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவனும் கைநாட்டு வைத்தான். கரும்புக்கு விலை ஏறும்வரை கத்தி தொடுவதில்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அவனும் அணைத்தான். கரும்பு நின்றது, பூத்தது, காய்ந்தது. ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு மீட்டிங் போனார்கள்.

சோளம் போட ஒரு மூலையில் பழைய சருகைக் கொளுத்த வேண்டியிருந்தது. வெயில் காலத்தில் விடியலில், கடல் காற்று எழும்புவதற்கு முன்னால், கொளுத்தி முடித்துவிடுவது அங்கே எல்லாரும் செய்வது. அன்று விடியலில் கோவிந்தசாமி மீட்டிங் வைத்தார். நங்கோனா வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைத்து, கொட்டாங்கச்சி எல்லாரையும் சுற்றி வந்து, மறுபடி சுற்றி வந்து, பேசியதையே பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜ் எழுந்து போகட்டுமா என்று கேட்டான்.

"ஒத்துமைன்னா குந்தியிருக்கறது," என்றார் கோவிந்தசாமி.

வெயில் ஏறிய பிறகுதான் விட்டார்கள். ஆத்திரத்தோடு வந்தவன் காற்றைப் பார்க்காமல் நெருப்பு வைத்தான். அது அவன் தப்பு. சருகிலிருந்து கரும்புக்குத் தாவியது. ஊர் முழுக்க ஓடிவந்து பச்சைக் கிளைகளால் அடித்துப் பக்கத்து வயல்களைக் காப்பாற்றினார்கள். அவன் வயல் கருகி நின்றது.

எரிந்த கரும்பு தாங்காது. ஒரு வாரம் விட்டால் புளித்துவிடும். மறுநாள் காலை அவன் கத்தியை எடுத்தான். செங்கேணி எதுவும் கேட்காமல் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டு பேருமாக வெட்டி, தோளில் சுமந்து, தண்டவாளத்து டிரக்கில் ஏற்றினார்கள். கம்பெனியின் வெள்ளைக்கார மேற்பார்வையாளன் குதிரையில் வந்து பார்த்து, "ஷாபாஷ்," என்று சொல்லிவிட்டு இன்ஜினை அனுப்பினான்.

வேண்டுமென்றே கொளுத்தினான் என்றது கேங். அன்றிலிருந்து அவன் வாசலை யாரும் மிதிக்கவில்லை. கடைக்காரன் சாமானைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான். அம்மன் கோயில் திருவிழாவில் செங்கேணி கொண்டுபோன பொங்கல் பானையைத் திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய தம்பியும் வரவில்லை.

*

வியாழக்கிழமை மத்தியானம் பாலசுப்பிரமணி வந்தான். தங்கராஜ் மாட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கத்திக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா இருக்குதா?"

"இத்தினி நாளா வழி மறந்து போச்சா? இல்ல, கேங்ல பர்மிஷன் குடுத்தாங்களா?"

"திட்டணும்னா திட்டு மாமா. ஒண்ணு கேக்கணும்."

"நெஞ்சுல எந்தப் பக்கம் அடிச்சிக்கறதுன்னா?"

பாலசுப்பிரமணி எதிரே உட்கார்ந்தான். "அந்த அழுகை எனக்கு வரல மாமா. வாத்தியாரு சொல்றாரு, நான் கத்தறேன். எனக்கே பொய்யா கேக்குது. பழைய கூத்துன்னா தேவலாம். ராஜா திரையை விட்டு வெளிய வந்ததும், நான் கோவமா வந்திருக்கேன்னு அவனே சொல்லிடுவான். இது அப்படி இல்ல. உன் நடை எனக்குத் தெரியும். நீ குனியறது தெரியும். உள்ள இன்னா ஓடுச்சுன்னு தெரியல. அது தெரியாம கையை எப்படி ஓங்கறதுன்னே புரியல."

"என் உள்ள பூந்து பாக்க நீ யாரு?"

"நாளன்னிக்கு நான்தான் நீ."

"அப்ப நாளன்னிக்கு உனக்கும் வீட்டுக்கு யாரும் வர மாட்டான். பாத்துக்க."

"பயந்தியா?"

"இல்ல."

"கேங் மேல கோவமா?"

"இல்ல."

"துட்டா?"

"போடா."

அரம் ஒரு தடவை வழுக்கியது. தங்கராஜ் பொய் சொல்லவில்லை. அந்த நாட்களில் தனக்குள் இருந்ததற்கு அவனிடம் பெயர் கிடையாது. அதை எடுத்துப் பார்க்கவும் அவன் விரும்பவில்லை.

அடுப்படியிலிருந்து செங்கேணி சொன்னாள்: "சிரிச்சிக்கினு இருந்தாரு."

"வாயை மூடு."

"ஏன் மூடணும்? மாசக் கணக்கா மூடிக்கினுதான் இருக்கேன். மனுசங்க இல்ல, மாட்டுகிட்டயா பேசுவேன்? அதுக்கு இந்திதான் தெரியும்." கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என் மூஞ்சியெல்லாம் கரி. அதைப் பாத்துட்டு, வாடி காளியம்மா, சூடம் காட்டட்டுமான்னாரு. நல்லதா ஒரு கரணை ஒடிச்சி, எரிஞ்ச தோலைச் சீவிக் குடுத்தாரு. கல்யாணம் கட்டி இத்தினி வருஷத்துல என்கிட்ட தமாஷ் பண்ணது அப்பதான். டிரக்ல ஏத்தும்போது பாடினாருடா. குரல் நல்லாவே இல்ல. ஆனா பாடினாரு."

அரம் பறந்து கொட்டகைத் தகரத்தில் மோதியது. மாடுகள் எழுந்து நின்றன.

"எவன்கிட்ட எதைச் சொல்ற நீ?"

"என் தம்பிகிட்ட."

"அவன் தம்பியா வரல. வேஷத்துக்கு வந்திருக்கான்."

அவள் சொன்னது எல்லாம் சரி. அதுதான் அவனைக் கொதிக்கவைத்தது. அந்த நாட்களில் வயலில் யாரும் இல்லை. வரிசை இல்லை, முறை இல்லை, வானத்தைப் பார்க்கிறவன் இல்லை. தோள் குறுகவில்லை. பக்கத்தில் இவள் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தன்னையறியாமல் அவன் அந்தச் சத்தத்துக்குச் சரியாக வெட்டினான். வயல் முடியப்போகிறது என்று தெரிந்தபோது வருத்தமாக இருந்தது. ஊர் பட்டினி கிடந்த சமயம். எழவு வீட்டில் சிரிப்பு வந்தவன்போல அதை உள்ளே போட்டு மிதித்து வைத்திருந்தான். இப்போது இவள் அதை வாசலில் கொட்டிவிட்டாள்.

பாலசுப்பிரமணி மெல்லக் கேட்டான்: "இது நெஜமா மாமா?"

"நீ அழு."

"மாமா..."

"வாத்தியாரு சொன்ன மாதிரி முழங்கால் போட்டு அழு. சத்தமா அழு. வேற ஏதாவது செஞ்சே, இந்தக் கத்திக்கு அரம் போட்டிருக்கேன்."

பாலசுப்பிரமணி எழுந்து போனான். போகும்போது அவன் வலது தோள் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. தங்கராஜின் நடை. அவன் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

"அப்ப நீங்க எழுந்து நின்னு, ஆமா, அழுதேன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள் செங்கேணி.

"கரும்பு நிக்குது."

"நான் பக்கத்துலயே இருந்தேனே."

"நீ கேங்ல இல்ல," என்றான்.

*

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மூங்கில் நட்டு, தென்னங்கீற்றுப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். ஜனம் கூடியிருந்தது. தங்கராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். அவன் பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. செங்கேணி பெண்கள் பக்கம் ஓரத்தில் இருந்தாள்.

ஸ்டிரைக், மீட்டிங், கற்பூரம் எல்லாம் வந்து போயின. கைதட்டினார்கள். பிறகு முகத்தில் கரி பூசிக்கொண்டு பாலசுப்பிரமணி வந்தான். பின்னால் பெண் வேஷக்காரன். பாலசுப்பிரமணி நிஜமான கரும்புக் கட்டைப் போட்டு வெட்டத் தொடங்கினான். தங்கராஜ் தன் குனிவைப் பார்த்தான், தன் முழங்கையைப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ, "த்தூ," என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான்.

முழங்கால் போட வேண்டிய இடம் வந்தது. கோவிந்தசாமி மேடை ஓரத்தில் மத்தளத்தை ஒரு தட்டுத் தட்டினார். பாலசுப்பிரமணி முழங்கால் போடவில்லை. நிமிர்ந்தான். பெண் வேஷக்காரனின் கரி முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வாடி காளியம்மா. சூடம் காட்டட்டுமா?"

பெண் வேஷக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாலசுப்பிரமணி சிரித்தான். ஒரு கரணையை ஒடித்து, நிதானமாகத் தோலைச் சீவி, அவனிடம் நீட்டினான். பிறகு திரும்பி வெட்டத் தொடங்கினான். வெட்டிக்கொண்டே கட்டைக் குரலில் பாடினான். தோள் விரிந்திருந்தது.

முதலில் பெண்கள் சிரித்தார்கள். ஆண்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கெட்டது எதுவும் இல்லை. அது கொஞ்ச நேரம்தான்.

ஷம்சு எழுந்து நின்றான். தங்கராஜின் அடுத்த வயல் அவனுடையது. ஸ்டிரைக்கில் உழவு மாட்டை விற்றுச் சாப்பிட்டவன்.

"நிறுத்துடா. அவன் சிரிச்சானா? நாங்க கிழங்கு வேகவச்ச தண்ணியைப் புள்ளைங்களுக்குக் குடுத்துக்கினு இருந்தோம். இவன் பொண்டாட்டிகிட்ட கொஞ்சிக்கினு இருந்தானா?"

சத்தம் எழுந்தது. ஒருவன் மேடையில் ஏறிப் பாலசுப்பிரமணியின் கத்தியைப் பிடுங்கினான். கோவிந்தசாமி மத்தளத்தைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"தங்கராஜு, எழுந்திரு. இவன் செஞ்சது நெஜமா? ஒரு வார்த்தை சொல்லு."

தங்கராஜ் எழுந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தோள் குறுகியது. பெண்கள் பக்கம் திரும்பினான். செங்கேணி அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை. அவன் என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தாள்.

"பொய்," என்றான். "அவன் பொய்யா செய்யறான். நான் அழுதேன்."

"எப்படி அழுதே?" என்றான் ஷம்சு. "காட்டு. நாங்களும் பாக்கறோம்."

"அவரு சொல்லிட்டாரு இல்ல, உடு," என்றார் ஒரு கிழவர்.

"சொல்லக் கூடாது. காட்டணும்."

தங்கராஜ் கோவிந்தசாமியைப் பார்த்தான். தங்கராஜ் பாயிலேயே முழங்காலிட்டான். இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"என் கேங்குக்குத் துரோகம் பண்ணிட்டேனே," என்று ஆரம்பித்தான். குரல் முதலில் உள்ளேயே நின்றது. பிறகு வந்தது. உண்ட வீட்டைச் சொன்னான், கற்பூரத்தைச் சொன்னான். கண்ணீர் வந்தது, மூக்கு ஒழுகியது. பெண்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கோவிந்தசாமியின் முகம் இளகியது. அழுது முடிக்கும்வரை தங்கராஜ் நினைத்துக்கொண்டிருந்தது பாலசுப்பிரமணியின் கழுத்தை. அதை இரண்டு கையாலும் எப்படிப் பிடிப்பது என்பதை.

மேடையில் பாலசுப்பிரமணி கையைக் கட்டிக்கொண்டு நின்று, கண்கொட்டாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷம்சு வந்து தங்கராஜைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். "போதும், எழுந்திரு," என்றான். தங்கராஜ் எழுந்தபோது பெண்கள் பக்கம் ஓரத்தில் செங்கேணி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோவிந்தசாமியும் ஷம்சுவும் வந்தார்கள். வயலைச் சுற்றிப் பார்த்தார்கள். தங்கராஜின் முறை ஷம்சுவின் கரும்புக்குப் பிறகு என்று கோவிந்தசாமி சொன்னார். செங்கேணி டீ கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். பாலசுப்பிரமணியைக் கேங்கிலிருந்து எடுத்துவிட்டதாகவும், அவன் லவுத்தோக்கா துறைமுகத்தில் வேலை தேடிக் காலை பஸ்ஸில் போய்விட்டதாகவும் கோவிந்தசாமி சொன்னார். தங்கராஜ் சரி என்றான். செங்கேணி கோப்பைகளைக் கழுவினாள்.

அவர்கள் போன பிறகு அவன் வாய்க்கால் ஓரத்து வேலியைச் சரிசெய்தான். மத்தியானம் அவள் சோறு போட்டாள். பருப்பில் உப்புக் கொஞ்சம் குறைவு. அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அவள் புல் அறுக்கப் போனாள். மூன்று மணி வாக்கில் மழை தூறியது. மாட்டை உள்ளே கட்டட்டுமா என்று அவள் கேட்டாள். கட்டு என்றான். அன்று அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.